எதிர்ப்பக்கம் கதைக்க ஆளில்லை

என் கல்பை, இந்த நெஞ்சை விட்டு இறங்காத மச்சான் றஹீமுக்கு,

உன்னை அடக்கிய மையவாடியில் வாய்க்குள் சொன்ன ஸலாத்தையே இங்கேயும் சொல்லிக்கொள்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பொருளியல் பாடத்தைப் பற்றி எழுத இருக்கிறேன். சிரிக்கிறாய்தானே? என் பெண்சாதி, உன் ராத்தாவும் அடுப்படியில் நின்று சிரிக்கிறாள்.

நீ பொருளியல் படிப்பித்த உயர்தர வகுப்பில் கதிரைகளை வட்டமாகப் போட்டது பள்ளிக்கூட அதிபருக்கே பிடிக்கவில்லை. "பாடம் நடத்துறீங்களா, கலியாணச் சோத்துக்கு எல்லாரும் சுத்தி இருந்து தின்ன சஹன் வைக்கிறீங்களா?" என்று கேட்டாராம். குழுக் கலந்துரையாடல் என்றாய் நீ. ஒவ்வொரு வட்டத்திலும் நம் மருதமுனை முஸ்லிம் பிள்ளைகளும் பக்கத்துப் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்திருக்க வேண்டும். தன் வீட்டுத் தொழிலுக்காக யாரும் கதைக்கக்கூடாது, அடுத்த வீட்டுத் தொழிலுக்காகத்தான் கதைக்க வேண்டும். அதுதான் உன் சட்டம்.

திறந்த பொருளாதாரம் வந்த பிறகு கப்பலில் வந்த துணி விற்றுத் தலையெடுத்தவன் நான். ஒருநாள் என்னையே கூட்டிப்போய் வட்டத்துக்கு நடுவில் இருத்தினாய். என் மகள் நபீலா தறிக்காரர் பக்கம். "இந்த முதலாளிமாராலதான் தறியெல்லாம் நிக்குது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். பாண்டிருப்பு வயல்காரர் மகள் சிவமலர்தான் என் கடைக்காகக் கதைத்தாள். "ஏழையும் மலிவா நல்ல துணி உடுக்கட்டுமே" என்றாள். வீட்டுக்கு வந்து மகளோடு கோபமாக இருந்து பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னைத் தோற்கடித்த கதையை நானே சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்து ரெண்டு ஊரும் அடிபட்டு ஊர்ப் பிரச்சினை வந்தது. பாண்டிருப்புப் பிள்ளைகள் இப்போது வருவதில்லை. சிவமலர் எங்கே படிக்கிறாள்? படிக்கிறாளா? உன் இடத்துக்கு வந்த புதிய சேர் நல்ல மனிசன். கதிரைகளை வரிசையாக்கி நோட்ஸ் சொல்லுகிறார், பிள்ளைகள் குனிந்து எழுதுகிறார்கள்.

"படிப்ப விடப்போறன் வாப்பா" என்கிறாள் நபீலா.

விடுவேனா? மிச்சமிருந்த பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, பாய் விரித்து, உன் வட்டத்தை நானே போட்டேன். பிரச்சினையால் சந்தை பூட்டிக் கிடந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்டேன். "நமக்குத்தான்" என்றார்கள் எல்லாரும். "பாண்டிருப்பாருக்கு?" என்றேன். ஒரு பொடியன் என்னையே திருப்பிக் கேட்டான்: "அவங்கட பக்கம் நாங்க என்னத்துக்குக் கதைக்கணும், முதலாளி?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், மச்சான்?

சரி என்று பாண்டிருப்புக்காக நானே கதைத்தேன். நெல்லும் விலையும் என்று எங்கேயோ தொடங்கி எங்கேயோ போனேன். "வேணுமெண்டு தோக்காதீங்க வாப்பா" என்றாள் மகள். அல்லாஹ் அறிய, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் அவளும் உன் ராத்தா ஊற்றிய தேத்தண்ணியும் மட்டும். வேறு யாரும் வரவில்லை. இனி வருவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் அவள் சோதனை எழுதி முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பாயை விரிப்பேன். அவளுக்கு எதிரே இருந்து, வர முடியாதவர்களுக்காகத் தப்புத் தப்பாகக் கதைப்பேன். திருத்துவதற்காகவாவது அவள் வாய் திறப்பாள்தானே? திறக்காவிட்டாலும் கதைப்பேன்.

எந்த வாதத்திலும் வெல்லாத உன் மச்சான்,
நபீலாட வாப்பா