கொட்டாய் மண்

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். உடன் வேலை பார்க்கும் பெண்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். இவ்வளவு வெட்டும் குத்துமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். முன்வரிசையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. அதன் அப்பா உள்ளங்கையால் அதன் கண்களைப் பொத்தினார். தன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், "தம்பி, கொயந்தைய வெளிய தூக்கிக்கினு போங்க, பயப்படுது" என்றேன்.

"அதுக்கு இன்னாங்க தெரியும், செத்த நேரத்துல தூங்கிடும்" என்றார்.

நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிவிட்டேன். அதே வார்த்தைகளை நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். உங்களை எப்படித் திட்டுவது?

நீங்கள் அப்படிச் சொன்னபோது எனக்கு ஐந்து வயது. உங்களுக்கு முப்பதுகூட ஆகவில்லை. வடக்கனந்தல் பக்கத்தில், மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும் ஊர் நம்முடையது. கரும்புக் களையெடுப்பு முடிந்ததும் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு படம் பார்த்தாக வேண்டும். என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லை. ஆள் இருந்த வீட்டுக்காரர்களும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். எந்தப் படம், யார் பார்க்கிற படம் என்று யாரும் யோசித்ததில்லை. கள்ளக்குறிச்சி ஓரத்து டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் எடுத்து, மணலைக் கூட்டி மேடாக்கி என்னை உட்காரவைத்தீர்கள்.

அந்தப் படத்துக் கொலைகாரன் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பான். அவன் வரும்போதெல்லாம் நீங்கள் என் கண்ணைப் பொத்தினீர்கள். பாசமான அப்பாதான். காதையும் பொத்த வேண்டும் என்று மட்டும் உங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் கைக்குள் இருந்த இருட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தக் காலின் சத்தம்தான். சரக், சரக். அப்புறம் ஒரு பெண்ணின் அலறல். முகம் தெரியாத அந்த ஆளுக்கு நானே என்னென்னவோ முகங்களை வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்குக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. பின்னால் யாராவது நடந்து வந்தால் கத்தினேன். திருநீறு போட்டீர்கள், பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய் ஓதி ஊதச் சொன்னீர்கள். எதற்கும் காய்ச்சல் கேட்கவில்லை. கடைசியில் அம்மாதான் சொன்னாள்: "பயந்த எடத்து மண்ண எடுத்தாந்து மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டாத்தான் தெளியும். நாம குந்தியிருந்த எடத்து மண்ணா இருக்கணும்."

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. ஊர் ஆண்களில் பாதிப் பேர் சாலையில் இருந்தார்கள், மீதிப் பேர் போலீசுக்குப் பயந்து கரும்புக்குள் ஒளிந்திருந்தார்கள். எல்லாம் அடங்கட்டும், அப்புறம் போகலாம் என்று அம்மாவே தடுத்தாளாம். "கொயந்த கெடக்கற கெடயப் பாத்துக்கினு எப்டி குந்திக்கினு இருக்கறது" என்று சொல்லிவிட்டு, விடிந்தும் விடியாமலும் நடந்தே கிளம்பினீர்கள்.

பூட்டிக்கிடந்த கொட்டகைக்குள் தட்டிக்கு அடியில் நுழைந்து, நாம் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, ஒரு பிடி மண்ணைத் தலைத்துண்டில் முடிந்துகொண்டீர்கள். திரும்பும் வழியில் போலீசிடம் மாட்டிக்கொண்டீர்கள். முடிச்சில் என்ன என்று கேட்டார்களாம். "கொட்டாய் மண்ணுங்க. கொயந்தைக்குச் சுத்திப் போடணுங்க" என்றீர்களாம். யார் நம்புவார்கள்? கண்ணில் வீசுவதற்குக் கொண்டுபோகிறான் என்று நினைத்தார்கள். வலது முட்டியில் அடி விழுந்தது. மண்ணைச் சாலையில் உதறிவிட்டு உங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து உங்களை வெளியே விட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் நேரே வீட்டுக்கு வந்திருப்பார்கள். நீங்கள் வீங்கிய காலோடு மறுபடி அந்தக் கொட்டகைக்குப் போய், மறுபடி அதே இடத்து மண்ணை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். பிடிவாதத்தில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் உள்ளே தரையில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம் கேட்டது. சரக், சரக். நிமிர்ந்தால், தாடியோடு ஓர் ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். "உங்கப்பாதான்டி, நல்லா பாரு" என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வரவில்லை. மண்ணை அம்மாதான் சுற்றி அடுப்பில் போட்டாள். நீங்கள் வாசலுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குக் காய்ச்சல் விட்டது. உங்கள் முட்டி சரியாகவில்லை. கடைசிவரை அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தீர்கள்.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று உங்களுக்கு. நான் இருக்கும் எந்த இடத்துக்கும் நேரே நுழைய மாட்டீர்கள். வெளியே நின்று, "நான்தாம்மா, அப்பா வரேன்" என்பீர்கள். நான் "ம்" என்றால்தான் உள்ளே வருவீர்கள். திருக்கோவிலூரில் விடுதியில் தங்கிப் படித்தபோதும் கேட்டுக்கு வெளியே நின்று அப்படித்தான் குரல் கொடுத்தீர்கள். தோழிகள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. "தெரியும்பா, சும்மா உள்ள வாங்க" என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் சிரித்துவிட்டு, அடுத்த தடவையும் அப்படியே நின்றீர்கள். என் கல்யாணத்துக்குப் பிறகும், என் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அப்படித்தான். வயதானவரின் ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டேன். காரணம் எனக்குத் தெரியாமலில்லை. அதைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்குக் காரியம் முடிந்த அன்று அம்மா என்னிடம் சொன்னாள்: "உன் வாசல்ல நிக்கறப்போ மூச்ச அடக்கிக்கினுதான் நிப்பாரு. கால் சத்தத்துக்கு நீ பயந்துடுவேன்னு கடைசி வரைக்கும் நெனச்சிக்கினு இருந்தாரு."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை, அப்பா. நாலாம் வகுப்பு படிக்கும்போதே எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. தெருமுனையில் உங்கள் கால் இழுபடும் சத்தம் கேட்டதுமே தேநீர் வைக்க எழுந்துவிடுவேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. நாற்பது வருடத்தில் இதை உங்களிடம் சொல்ல ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. சொல்லியிருந்தால், ஒரு நாளாவது வாசலில் நிற்காமல் நேரே என் வீட்டுக்குள் நடந்து வந்திருப்பீர்கள்.