கம்பத்தில் கட்டாத கொடி

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று கேட்டால் மனசு நிறையும்.

போன வாரம் போனில் என்னைப் பழைமைவாதி என்றாய், அம்மணி. கோபமில்லை. ஆமாம், பழையதைக் காப்பாற்றுவோம் என்று சொல்கிற கட்சிக்குத்தான் இத்தனை காலமும் ஓட்டுப் போடுகிறேன். ஆனால் இந்தக் கார்த்திகையில் இங்கே நடந்ததை நீ கேட்க வேண்டும். மாரியம்மன் நோம்பியும் பஞ்சாயத்துத் தேர்தலும் சேர்ந்தே வந்தன. யூனியன் மெம்பருக்கு நின்றது வேறு யாருமில்லை, உன் பெரியப்பன் மகன் சிவப்பிரகாஷ்தான், நம் கட்சியிலேயே. மூன்று கிளை பிரிந்த முக்கவை மரத்தை வெட்டி வந்து, ஊரே சுற்றி ஆடுவதற்குக் கோயில் முன்னால் கம்பம் நடுவது நம் வீட்டு உரிமை என்பது உனக்குத் தெரியும். அதில் கட்சிக் கொடியைக் கட்ட வேண்டும் என்று வந்து நின்றான். முடியாது என்றேன். நீங்க நம்ம கட்சி தானுங்களே சித்தப்பா என்று முகம் சுருங்கிக் கேட்டான். "ஓட்டு உனக்குத்தான் கண்ணு. கம்பம் ஆத்தாளோடது" என்றேன்.

அவன் கோபித்துக்கொண்டு போக, பையன்கள் எல்லாரும் அவன் பின்னால் போய்விட்டார்கள். எதிர்க்கட்சி சதீஷ் ஆட்களோடு ஆட வந்தான், எல்லார் தோளிலும் கட்சித் துண்டு. அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றேன், அவர்களும் திரும்பிவிட்டார்கள். உனக்கு நினைவிருக்கிறதா, என் தோளில் உட்கார்ந்து நீ பார்த்த ஆட்டம்? அந்தக் காலத்தில் யாருக்கு ஓட்டுப் போட்டான் என்பது அவனவன் பெண்டாட்டிக்கே தெரியாது, சாயங்காலமானால் எல்லாருக்கும் ஒரே பறைதான். இந்த வருசம் கிழவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர் சுற்றி வந்து மூச்சு வாங்கி நின்றோம். ஆள் கூடி ஆடாத கம்பத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் உன் அம்மா மஞ்சத்தண்ணிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையைச் செருகினாள். பெண்கள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆடியதில்லையே என்று நான் வாயெடுப்பதற்குள், "கம்பத்தைச் சும்மா நிக்க உட்டா ஆத்தா உங்களைத்தானுங்க கேப்பா" என்று சொல்லிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தாள். அவள் பின்னால் இறங்கியது சிவப்பிரகாஷின் அம்மா, உன் பெரியம்மா பூவாத்தாள். அப்புறம் ஊர்ப் பெண்கள் எல்லாரும். பெற்றவள் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டு அவன் ஓடி வந்தான். கொஞ்ச நேரம் ஓரமாக நின்றான். பிறகு சட்டையில் குத்தியிருந்த கட்சிச் சின்னத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு கிழவர் கையிலிருந்த பறையை வாங்கி அடித்தான். சதீஷும் துண்டில்லாமல் வந்து ஆடினான்.

தேர்தலில் சிவப்பிரகாஷ் தோற்றுவிட்டான். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கொடி கட்டியிருந்தா ஜெயிச்சிருப்பனுங்களா சித்தப்பா என்றான். தெரியவில்லை என்றேன், பொய் சொல்ல மனசில்லை. உன் அம்மா போட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

வருகிற நோம்பிக்குப் பெண்கள் ஆடலாமா என்று கோயில் கமிட்டியில் பேச்சு எழுந்தது. முதலில் எழுந்து நின்றது உன் அப்பன்தான். ஒரு வருசம் ஆடிவிட்டார்கள், இனி அது ஊர்ப் பழக்கம், பழக்கத்தை மாற்ற விடமாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். நீயும் வந்து ஆடு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பேரனோடு வீட்டில் தமிழில் பேசு. ஆத்தா உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் பழைமைவாதி அப்பா,
நஞ்சப்பன்,
கோவிந்தாபுரம்.