மூன்று மார்க் கடை

மார்ச் 11, திங்கள்

அன்புள்ள ஊசிக்கு,

அன்பு உண்டா இல்லையா என்பதைக் கடிதம் முடியும்போது முடிவு செய்துகொள்கிறேன்.

உன் நலம் விசாரிக்கத் தேவையில்லை. சனிக்கிழமை மத்தியானமே கண்ணாரப் பார்த்துவிட்டேன். நாலு தடவை போன் செய்தும் நீ எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

ஒரு பேங்க் கிளார்க்குக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனேன். மீன் தொட்டி வைத்த சீன ஹோட்டலின் ஜன்னலோர மேஜையில் நீயும் நம் தையல்காரியும். நீ எதையோ கடித்துக்கொண்டு சிரிக்கிறாய். என் கால் தன்னால் என் பக்கத்துப் பிரேக்கை அழுத்திவிட்டது. நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் திட்டியது அந்த மனிதரைத்தான். “நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?” என்று கண் கலங்கிவிட்டார். “நீங்க ஒண்ணும் பண்ணல சார், என் ஃப்ரெண்டு பண்ணிட்டா” என்றேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதானே தலைவலி என்று சொல்லி எங்களோடு வராமல் இருந்தாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே! பத்தொன்பது வருடமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை, நீ, நான், நெட்டை, தையல் வந்தபின் நாலு பேர், ஊரில் உள்ள எட்டு சீன ஹோட்டலில் ஏழுக்கு முறை வைத்து. ஒருத்தரை விட்டு ஒருத்தர் போகக் கூடாது என்பது நீயும் சேர்ந்து போட்ட சட்டம். அதுவும் போயும் போயும் அந்தக் கடையா? ருசிக்குப் பத்துக்கு மூன்று மார்க் போட்டு நாமே ஒதுக்கிய கடை!

வீட்டுக்கு வந்து மார்க் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து நீ ஒவ்வொரு தட்டுக்கும் போட்ட மார்க்கும் தையல் போட்ட மார்க்கும் ஒன்றே. அரை மார்க்கூட மாறவில்லை. காப்பியடித்திருக்கிறாய்! அக்டோபரில் உனக்குத் தெரியாமல் உன் சூப்பில் வினிகரைக் கொட்டினேனே, அதைக் குடித்துவிட்டு எட்டு மார்க் போட்டவள்தானே நீ. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், எங்கள்மேல் உனக்குக் கவனமே இல்லை என்று.

மென்று விழுங்காமல் சொல். நான் அலுத்துவிட்டேனா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரேக்


மார்ச் 16, சனி

பிரேக்குக்கு,

உன் கடிதத்தை லேபில் பிரித்துப் படித்தேன். அடுத்து ரத்தப் பரிசோதனைக்கு வந்தவரின் கையில் நரம்பு தவறி இரண்டு தடவை குத்திவிட்டேன், எழுந்தே போய்விட்டார்.

பொய் சொன்னது தப்புதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீதிபதி நாற்காலியில் உன்னை யார் உட்கார வைத்தது? பத்தொன்பது வருடத்தில் மெனு கார்டை நான் என்றாவது கையில் வாங்கியிருக்கிறேனா? நீதான் வாங்குவாய், நீதான் சொல்லுவாய். வெறும் நூடுல்ஸ் போதும் என்று ஒருநாள் சொன்னேன். “ஜுரக்காரி சாப்பாடெல்லாம் இங்க ஆகாது” என்று சர்வர் முன்னால் சொன்னாய். நாங்கள் என்ன உன்னிடம் லைசென்ஸ் வாங்க வந்தவர்களா?

அந்த வினிகரை நீயே எடுத்து எழுதியிருக்கிறாய். நல்லது. “உனக்கு நாக்கு செத்துப்போச்சுடி” என்று நீ கத்தியதும் பக்கத்து மேஜை வரைக்கும் சிரித்தார்கள். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாயா?

இனி முதல் சனிக்கிழமைக்கு நான் வரமாட்டேன். காரணம் கேட்காதே.

ஊசி


ஏப்ரல் 7, ஞாயிறு

ஊசி,

நேற்றுப் போனோம். நெட்டைக்கு அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் கணக்கெடுப்பு, அவள் வரவில்லை. நானும் தையலும் மட்டும் அவ்வளவு பெரிய வட்ட மேஜையில். நான் ஆர்டர் செய்யச் செய்ய அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். மூன்றாவது தட்டு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. “அப்படி என்னடி ரெண்டு பேரும் என்கிட்ட மறைக்கிறீங்க?” என்று மேஜையைத் தட்டினேன்.

“அக்கா, அவங்களுக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. ஜூலையில ஜுரம் வந்துச்சே, அதுலேர்ந்து. நீங்க கொட்டினது வினிகர்னே அவங்களுக்குத் தெரியாது” என்றாள்.

மீதித் தட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பில்லைக் கட்டினேன்.

உன்னைத் திட்டாமல் இருக்க நேற்று ராத்திரியிலிருந்து முயற்சி செய்கிறேன். முடியவில்லை. எட்டு மாதம்! தையலிடம் சொல்லியிருக்கிறாய். அவள் நம்மோடு சேர்ந்தே ஆறு வருடம்தான் ஆகிறது. உன் முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் நான். என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? தெரிந்திருந்தால் அந்தப் பாட்டிலைத் தொட்டிருப்பேனா? உன்னைக் கேலி செய்த பாவத்தை நீயேதான் என் தலையில் கட்டிவிட்டாய். அதற்கு நான் கோபப்படக் கூடாதா?

என்னை மன்னித்துவிடு. ஆனால் கோபம் கோபம்தான்.

பிரேக்


ஏப்ரல் 13, சனி

பிரேக்குக்கு,

மன்னிப்பைக்கூடத் திட்டிக்கொண்டே கேட்க உன்னால்தான் முடியும்.

ஏன் சொல்லவில்லை என்கிறாய். கேள். ஆகஸ்டில் அடுப்பில் வைத்த பால் கருகிப் பாத்திரம் ஓட்டையாகும் வரை எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்து அறையிலேயே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டுக்காரி வந்து கதவை இடித்த பிறகுதான் புகையைப் பார்த்தேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் சமையலறையை எட்டிப் பார்க்கிறார். குழம்பில் உப்பு எவ்வளவு இருந்தாலும் “நல்லாயிருக்கு” என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போது தட்டைத் தூக்கி எறியலாம் போல இருக்கிறது. மகளோ போனை எடுத்ததும், “அம்மா, இன்னைக்கு ஏதாவது தெரிஞ்சுதா?” என்றுதான் ஆரம்பிக்கிறாள். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அந்த சூப் குடித்தபோது தொண்டை எரிந்தது. சூடு என்று நினைத்தேன். எட்டு மார்க் போட்டேன், நோட்டில் தையல் எட்டு போட்டிருந்ததால். நீங்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் கை கழுவப் போகிறேன் என்று போய் அங்கேயே நின்றேன். தையல் பின்னாலேயே வந்தாள். நானாகச் சொல்லவில்லை, அவளாகக் கண்டுபிடித்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. “மொறுமொறுன்னு ஏதாவது சாப்பிடலாமாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

மூன்று மார்க் கடையில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே? அங்கே ருசி கிடையாது. எனக்கு அதனால் நஷ்டமும் கிடையாது. ஆனால் அவர்கள் பொரிக்கிற நூடுல்ஸ் உடைகிற சத்தம் காதுக்குள் கேட்கும். ஆவியில் வேகவைத்த டம்ப்ளிங் கொழுக்கட்டை வழுக்கிக்கொண்டு போகும். நான் பல்லால் சாப்பிடுகிறேன். அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

உன்னிடம் சொல்லியிருந்தால் மறுநாளே மூன்று டாக்டரிடம் தேதி வாங்கியிருப்பாய். ஏழு ஹோட்டல் சர்வருக்கும் சொல்லியிருப்பாய். இல்லை என்று சொல் பார்ப்போம். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததோடு சும்மா இரு. அது போதும் எனக்கு. இருந்தாயானால் ஒருநாள் நானே உன்னை அங்கே கூப்பிடுவேன்.

ஊசி


ஏப்ரல் 22, திங்கள்

என் கண்ணே ஊசி,

உன் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். நீ சொன்னது எல்லாம் சரி. என்மேல்தான் தப்பு. எழுதும்போதே அழுகை வருகிறது.

வியாழக்கிழமை தனியாக அந்தக் கடைக்குப் போனேன். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். சிரிக்காதே. சர்வர் சிரித்தான், ஒரு முறை முறைத்தேன். ஆறு வாய்க்கு மேல் என்னால் முடியவில்லையடி. பஞ்சைத் தின்பதுபோல இருந்தது. நீ எட்டு மாதம் எப்படித்தான் சாப்பிட்டாயோ!

கடைக்கார அம்மா வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். நல்ல மனுஷி. அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். ஜன்னலோரம் தையலோடு உட்காருகிறவள் என் உயிர்த்தோழி, அவளுக்கு இப்படி ஒரு கஷ்டம், பார்த்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று. அவ்வளவுதான். உன் நல்லதுக்குத்தான். எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிற ஒரு நர்ஸ் நல்ல டாக்டர் ஒருவரைச் சொன்னாள். விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை என்றால் நானே உன்னை வண்டியில் கூட்டிப்போவேன்.

என்றும் உன்,
பிரேக்


ஏப்ரல் 28, ஞாயிறு

பிரேக்குக்கு,

நேற்றுப் போனோம். உன் கடிதத்தைத் திரும்பி வந்துதான் பிரித்தேன். நானும் தையலும் உட்காருவதற்குள் கடைக்கார அம்மா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “கவலப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்றாள். சமையல்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் கேட்காமலே மூன்று வகை மிளகாய் சாஸ் வந்தது. சர்வர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நான் கடிப்பதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்து மேஜைக்காரர் தன் மாமியாருக்கும் இப்படித்தான் வந்தது, இஞ்சிச் சாறு குடித்துத்தான் சரியானது என்று ஆரம்பித்தார். “வாங்கக்கா, போலாம்” என்று தையல் எழுந்தாள். தெருவில் வந்து நின்றோம். எங்கே போவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நான் நோயாளியாக இல்லாமல் உட்கார்ந்த ஒரே இடம் அது. உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், சும்மா இரு என்று. பத்து நாள்கூட உன்னால் இருக்க முடியவில்லை.

உனக்கு என்மேல் பிரியம் இல்லை என்று சொல்லமாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தாங்கத்தான் இப்போது என்னிடம் தெம்பில்லை.

நாங்கள் இனி எங்கே போகிறோம் என்று தையலை நச்சரிக்காதே. அவள் சொல்லமாட்டாள். முதல் சனிக்கிழமை நீயும் நெட்டையும் போங்கள், எனக்கு நாற்காலி போட்டு வைக்க வேண்டாம். விலாசத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என்றாவது எனக்கு ஏதாவது ஒரு வாசனை தெரிந்தால், அது சாக்கடை நாற்றமாக இருந்தாலும் சரி, வீட்டில் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்லுவேன். அதுவரை எழுதாதே, போன் செய்யாதே, வாசலில் வந்து நிற்காதே. வருவதாக இருந்தால் நானாக வருவேன்.

ஊசி