அரை மூட்டைகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் வரவில்லை. பாப்பாவுக்குப் பத்து நாளாக இருமல். தோளில் போட்டுக்கொண்டால் நிற்கிறது, படுக்க வைத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது. "வீட்டுக்குப் புதுசா என்னம்மா வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். நீ தைத்துக் கொடுத்த மெத்தை ஒன்றுதான் புதுசு. அதை அவரிடம் சொல்லாமல் உனக்கு எழுதுகிறேன். உங்கள் ஆயத்த ஆடை ஆலையின் எந்த மூட்டைத் துணியை அதில் அடைத்தாய்? கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

படித்தவள் என்றால் அண்ணனையும் சந்தேகப்பட வேண்டுமா? ஒன்பது வருடமாகக் கழிவுக் கிடங்கு என் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளை மூட்டையில் வெட்டு மேசைத் துண்டுத்துணி மட்டும்தான். தரையைக் கூட்டிய குப்பைக்குக் கறுப்பு மூட்டை. வெள்ளை மூட்டையின் வாயை உறைக்குள் விட்டு உதறி, அப்படியே தைத்தேன். மாமன் கொடுத்த மெத்தையிலா இருமல் வரும்? ஜன்னலைச் சாத்தி வை.

அண்ணன்

மார்ச் 13

அண்ணா,

மெத்தையைப் பிரித்தேன். தலைமாட்டில் வெள்ளைத் துணி. கால்மாட்டுக்குப் போகப் போகச் சாம்பல் நிறத் தூசி, நூல் பிசிறு, அட்டைத் தூள். பாப்பாவின் கால் படும் இடத்தில் உடைந்த தையல் ஊசி ஒன்று. அதை இந்தக் கடிதத்தின் கீழே ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 18

தங்கைக்கு,

ஊசி வந்து சேர்ந்தது. கிடங்கில் இருந்த வெள்ளை மூட்டைகளைக் கொட்டிப் பார்த்தேன். மூன்றுக்கு ஒன்று அப்படித்தான் இருக்கிறது. லாரியில் அரை மூட்டை ஏறக் கூடாது, கூட்டிய குப்பையை அடியில் கொட்டி மேலே துணி போட்டு நிரப்புங்கள் என்று போன வருடம் ஆட்களிடம் சொன்னவன் நான்தான். எல்லாம் ஒரே குப்பைப் பள்ளத்துக்குத்தானே போகிறது என்று நினைத்தேன். மெத்தை தைத்த அன்று அது நினைவுக்கே வரவில்லை. இப்போது நிறுத்திவிட்டேன். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு முகமில்லை.

அண்ணன்

மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் நின்று மூன்று நாளாகிறது. மெத்தையை இன்னும் எறியவில்லை. தெருத்தொட்டியில் போட்டால், உறை புதுசாயிற்றே என்று யாராவது எடுத்துப்போய்த் தங்கள் பிள்ளையைப் படுக்க வைப்பார்கள். வாசலில் கட்டி வைத்திருக்கிறேன். எதை எங்கே சேர்க்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். கறுப்பு மூட்டை ஒன்று எடுத்துக்கொண்டு நீயே வா.

பாப்பா விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து வா.

உன் தங்கை