தையல் மெஷின் மேஜையில் வாஷ்பேசின்

சங்கரன்கோவில்,
3-7-83

அன்பு மகள் பூமாரிக்கு அப்பா எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் சங்கரபாண்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமி படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் காப்பி டம்ளரையே தொடுகிறேன். நலம் என்று எழுதாமல், வெறுமனே இருக்கிறோம் என்று மட்டும் எழுதியிருக்கிறாரே என்று பயந்துவிடாதே மக்கா. அம்மா தேறிவருகிறாள். பேச்சு முக்கால்வாசி தெளிந்துவிட்டது, வாய்க்கோணல் இப்போது சிரித்தால்தான் தெரிகிறது. வலது கையும் வலது காலும்தான் இன்னும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் நாளாகும் என்கிறார், எத்தனை நாள் என்று கேட்டால் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைக்கிறார். அம்மா மெஷின் பக்கம் போகிறாளா, ஊசிநூல் ஏதாவது கேட்டாளா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத முடியாமல்தான் பத்து நாளாகக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். முழுதாக எழுதிவிடுகிறேன், படித்துவிட்டுத் திட்டு.

பங்குனியில் அவள் விழுந்ததிலிருந்து காலையில் அவளுக்கு முகம் கழுவிவிடுவது நான்தான் என்று உனக்குத் தெரியும். பின்பக்கம் துவைகல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார அவளால் முடியவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கையில் செம்பும் ஒரு கையில் துண்டுமாக நான் நிற்பேன். முப்பது வருஷம் கம்பி இழுத்துக் காய்த்துப்போன லைன்மேன் கை அவள் முகத்தில் பட்டால் எப்படி இருக்கும் சொல். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வழிவது தண்ணீரா வேறா என்று நான் பார்ப்பதில்லை. மே மாசக் கடைசியில் ஒருநாள், எம் மூஞ்சிய நானே கழுவிக்கிடுத மாதிரி ஒரு வழி பண்ணுங்க, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் என்று சொன்னாள். அவள் என்னிடம் இதுவரை ஒன்று கேட்டதில்லை பூமாரி. சேலைகூட நானாக எடுத்துக் கொடுத்ததுதான். அதனால் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. பழைய சாமான் கடை சேக் மைதீன் பாயிடம் சொல்லிவைத்தேன். ஒரு வாரத்தில் ஆள் அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் ஒரு வாஷ்பேசின், வைக்கோலுக்குள் கிடக்கிறது. அண்ணாச்சி, ராயகிரி பக்கம் மில்லு மேனேசர் பங்களாவ இடிச்சாங்க, அதுல உள்ளது, ஒரு கீறல் கெடையாது, மதினிக்குன்னு எடுத்து வச்சேன் என்றார் பாய். சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, பிள்ளையைக் கூட்டிவருவது மாதிரி உருட்டிக்கொண்டே வந்தேன்.

தொட்டி வந்துவிட்டது, அதை எதில் உட்காரவைப்பது? சுவரில் பதிக்கலாம் என்றால் பின்சுவர் மண்சுவர், தாங்காது. வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணில் பட்டது அம்மாவின் தையல் மெஷின். அவள் விழுந்த நாளிலிருந்து உறை போட்டுச் சும்மாதானே நிற்கிறது என்று என் புத்தி சொன்னது. உட்கார்ந்து கழுவுவதற்கு அளவெடுத்தது போன்ற உயரம், இரும்புக் கால், அசையாது, மெஷின் இறங்கி உட்காரப் பலகை நடுவில் ஏற்கெனவே ஒரு திறப்பு இருக்கிறது. அதைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் தொட்டி கச்சிதமாக உட்காரும். கெட்டிக்காரன் நான் என்று எனக்கே பூரிப்பு. அடுத்த நாள் எண்ணெய் வைத்தியரைப் பார்க்க அம்மாவைப் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வாடகைக் காரில் கரிவலம்வந்தநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த நேரத்துக்குள் முடித்து அம்மாவை அசத்திவிட வேண்டும் என்று மெஷினைக் கழற்றி, டிரங்குப் பெட்டி மேல் வைத்து, பழைய வேட்டியைப் போட்டு மூடினேன். மேஜையைப் பின்வாசலுக்கு நகர்த்திப் பலகையை அறுத்தேன். தொட்டியை இறக்கினேன். கீழே ரப்பர் குழாய் கொடுத்து வாழைக்கு விட்டேன். மேலே குழாய் வைத்த தகரடின். பெடலையும் கழற்றத்தான் பார்த்தேன், போல்ட் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா வந்தாள். பேச்சித்தாய் தோளைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்று பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள், இரும்புக் காலைப் பார்த்தாள், திரும்பி டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். யாரு எச்சி துப்புன தொட்டியோ என்று மட்டும் சொன்னாள். அதோடு நாலு நாள் பேச்சு கிடையாது. நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். சரிதானே, முன்பின் தெரியாதவர்கள் வாய் கொப்பளித்த இடத்தில் முகம் கழுவு என்றால் நம் வீட்டில் எந்தப் பொம்பளைக்குத்தான் மனசு ஒப்பும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மறுநாள் பிளீச்சிங் பவுடர். அதற்கு மறுநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நெற்றிக்கு இடுவது மாதிரி தொட்டிக்குத் திருநீறும் பூசி, சாம்பிராணிப் புகை காட்டினேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அவள் சிரிக்கவில்லை. பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். நாலாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மனுசன் நாயாப் பாடுபட்டு ஒன்று செய்தால் அதற்கு இந்த மரியாதையா, ஒரு கும்பிடுதான் பாக்கி, அதையும் போட்டுவிடவா என்று கத்திவிட்டேன். நோயாளியைப் பார்த்துக் கத்தினேன் பூமாரி. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த பேச்சித்தாய் என்னை வாசலுக்கு அழைத்துச் சொன்னாள். எச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. தெனமும் மத்தியானம் நீங்க கண்ணசந்த பெறவு, மதினி சுவரப் பிடிச்சுப் பிடிச்சுப் போயி அந்த மிசினு முன்னால உக்காருவா. எடது கையால வலது கையத் தூக்கிப் பலகை மேல வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பா. தபசுக்கு ஒரு பாவாடையாவது தச்சிரணும்னு எங்கிட்டச் சொன்னா. ஒங்ககிட்டச் சொல்லக் கூச்சம். நீங்க மிசினக் கழட்டிப் பெட்டி மேல போட்டுட்டிய. இனி கை வராதுன்னு புருசனே முடிவு கட்டிட்டாருன்னுல்லா அவ நெனைப்பா என்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப்போன கதை என்று கேட்டிருக்கிறேன், எனக்கே நடந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இந்தத் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அவள் தைத்த பாவாடையில்தானே தேர் பார்க்கப் போவார்கள். இன்னும் மூன்று வாரத்தில் தபசு. அதை மறந்துவிட்டு, பலகையை ரம்பம் வைத்து அறுத்திருக்கிறேன். எதிரே இருந்தவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் செம்பை எடுக்கும் முன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கை வராது என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை, நீ கேட்டது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது, உன்னைக் கேட்காமல் தொட்டது தப்பு என்றேன். பெரிதாக மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவள் டிரங்குப் பெட்டிப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு, ஸ்டூல அந்தத் தொட்டிகிட்ட போடுங்க என்றாள்.

போட்டேன். இடது கையால் குழாயைத் திறந்தாள். ஒரு கைத் தண்ணீரை அள்ளி நெற்றியில் அடித்தாள், பிறகு கன்னத்தில், பிறகு காதுக்குப் பின்னால். சோப்புக் கட்டி இரண்டு முறை வழுக்கி விழுந்தது, எடுத்துக் கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். மூன்று மாசத்துக்குப் பிறகு தன் முகத்தைத் தானே கழுவுகிறாள், டின் காலியாகும் வரை விடவில்லை. நான் கதவுப் பக்கம் நின்றேன். அப்போதுதான் கீழே ஒரு சத்தம், கடக் என்று. கொஞ்சம் விட்டு மறுபடியும் கடக். குனிந்து பார்த்தேன். இடது காலை ஸ்டூலுக்கு அடியில் மடக்கி வைத்திருக்கிறாள். வலது பாதம் மட்டும் அந்தப் பெடல் மேல் இருக்கிறது. விரல்பக்கம் அமுங்குகிறது, சக்கரம் ஒரு விரற்கடை நகர்கிறது, நிற்கிறது, மறுபடி அமுங்குகிறது. முகத்தில் சோப்பு நுரையோடு அவள் கழுவிக்கொண்டிருக்கிறாள், கால் அதுபாட்டுக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் நின்றுவிடுமோ என்று பயம். அவளுக்கே தெரிந்துவிட்டது. கழுவுவதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள். இன்னொரு தடவை, இப்போது வேண்டுமென்றே, மிதித்தாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைத் திரும்பிப் பார்த்து, பெல்ட்ட எங்க வச்சிய என்று கேட்டாள்.

பத்திரமாக வைத்திருக்கிறேன் மக்கா, ஆணி டப்பாவில் சுருட்டி வைத்திருக்கிறேன். டாக்டரிடம் சொன்னேன், ரொம்ப ஆசை வைக்காதீர்கள், ஆனால் மிதிக்கட்டும் என்றார். மூக்காண்டி ஆசாரி வந்து பார்த்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு அறுத்த பலகைக்குப் பதில் புதுப்பலகை இழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மெஷின் அதன் இடத்துக்கே போய்விடும். தொட்டிக்கு வேறு மேஜை வேண்டும். நம் வீட்டில் அந்தக் கனம் தாங்குவது ஒன்றே ஒன்றுதான், இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தேக்கு மேஜை. எட்டாம் வகுப்பில் நீ காம்பஸ் முனையால் வலது மூலையில் உன் பெயரைக் கீறினாய், அதற்கு நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். அடித்ததை நினைத்தால் இப்போது வலிக்கிறது. மேஜை உன்னுடையது. அதனால் இந்த முறை கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். நடுவில் அறுக்கலாமா? மூலையில் ரம்பம் படாது, உன் பெயர் அப்படியே இருக்கும், அம்மா அதன் மேல்தான் சோப்பு வைப்பாள். மனசு ஒப்பவில்லை என்றால் தயங்காமல் எழுது, வேறு வழி பார்க்கிறேன். உன் பதில் வரும்வரை ஆசாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதனால் கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு. சரி என்றால், இனி அப்பாவின் கடிதம் மடியில் அட்டை வைத்து எழுதியதாக இருக்கும், எழுத்து கோணியிருந்தால் உடம்புக்கு என்னவோ என்று பதறாதே.

பேரனுக்கு மழைக்காலம் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடு. மாப்பிள்ளை பட்டறையிலிருந்து சூட்டோடு வந்ததும் குளிக்க வேண்டாம் என்று சொல், நான் சொன்னேன் என்று சொல்லாதே. தபசுக்கு லீவு கிடைக்காவிட்டால் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, உனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்கிறோம். அம்மன் துணையில் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு இருங்கள்.

இடது கையால் ஒரு கையெழுத்துப் போடு, பிள்ளை பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று அம்மாவிடம் பேனாவை நீட்டினேன். போடமாட்டாளாம். வலது கையாலதான் போடுவேன், அதுவரைக்கும் எனக்கும் சேத்து நீங்களே போடுங்க என்கிறாள்.

இப்போதைக்கு இரண்டு பேருக்குமாக,
உன் அப்பா
பிச்சையா