அப்பா தட்டிப் பார்த்த ஐந்து கற்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நல்ல உடம்போடும் வேளாவேளைக்குச் சாப்பாட்டோடும் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தத் தாளை எடுத்தேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் எழுதினால் நீ நம்பமாட்டாய். முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று புதன்கிழமை மாலை காது டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளின்படி அப்பாவுக்கு வலது காதில் பாதிக்கு மேல் கேட்பதில்லை, இடது காது அதைவிடக் கொஞ்சம் தேவலை, கணீரென்ற மேல்சத்தம் மட்டும் இரண்டு காதிலும் அறவே இல்லை. தாளில் இல்லாமல், மூன்று வாரம் முன்னால் முதல் தடவை பார்த்தபோதே டாக்டர் வாயால் சொன்னது, இது இரண்டு வருஷமாகவே போய்க்கொண்டிருந்திருக்கும் என்பது. நாற்பது வருஷம் உளிச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவருக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம் என்றார். போன வருஷமே நீ போனில் சொன்னாய், எதைக் கேட்டாலும் அப்பா ம்ம் ம்ம்ங்கிறாரேம்மா, காதைக் காட்டுங்கன்னு. வேலை அலுப்புல இருக்கற மனுஷனைச் செவிடுங்கறியாடி என்று நான்தான் உன் மேல் விழுந்தேன். அதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் உன்னிடம் பேசும்போது அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்காது என்று தெரிந்தும் அவர் முன்னால் பேச வாய் வரவில்லை.

விஷயம் காதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். ஏழு மாதத்துக்கு முன்னால் பெண்கள் கல்லூரி வாசலுக்கு என்று ஒரு கல் வந்தது உனக்குத் தெரியும், தலைக்கு மேல் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கும் பெண், ஏழடி உயரம், ஒரே கல். லாரியிலிருந்து இறக்கி மரக்கட்டைகள் மேல் படுக்க வைத்ததும் அப்பா வழக்கம்போல எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் நாலு விரல் விட்டு நாலு விரல் தட்டிக்கொண்டே போனார். நான் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முதல் பதினைந்து இருபது தட்டு மணி அடித்த மாதிரி வந்தது. அப்புறம் ஓரிடத்தில் மூன்று தட்டு நனைந்த பலகையைத் தட்டினது மாதிரி மொத்தென்று விழுந்தது, பிறகு மறுபடியும் மணி. கையில் பிழிந்த துண்டோடு அப்படியே நின்றேன். இப்போது நிறுத்திவிட்டுத் திரும்பத் தட்டுவார் என்று பார்த்தேன். அவர் நிறுத்தவே இல்லை. கடைசி வரை தட்டிவிட்டு, தங்கமான கல்லுப்பா, கோடு போட்டுடலாம் என்றார். முப்பத்தோரு வருஷமாகச் சமையலறையில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான். ஆனாலும் ஊரில் இருக்கிற சிற்பிகள் எல்லாம் கல் வாங்கினால் இவரைக் கூப்பிட்டுத்தான் தட்டிக் கேட்கிறார்கள், அவருக்கே நல்ல கல் என்று பட்ட பிறகு துணி காயப்போடுகிறவள் என்ன சொல்வது என்று கொடியில் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அவருடைய தப்பு காதோடது. என்னுடையது அப்படி இல்லை. இதை நான் உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

மூன்று வாரம் முன்னால் தூக்கிய கையின் அக்குளுக்குப் பக்கத்தில் மெல்லிய வேலை செய்துகொண்டிருந்தபோது கட்டைவிரல் நகத்தளவு ஒரு சில்லு தானாகப் பெயர்ந்து விழுந்தது. அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைத் தோளில் ஊற்றினார். வெயிலில் கல் முழுக்க ஐந்து நிமிஷத்தில் உலர்ந்து வெளுத்தது, தோளிலிருந்து முழங்கை வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும் உலராமல் கறுப்பாகவே நின்றது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றால் வழி இருக்கிறது என்று அர்த்தம். சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார், கல் பொடியையும் பசையையும் குழைச்சு அடைச்சுத் தேய்ச்சுட்டா பிரம்மனுக்கே தெரியாதுண்ணே, ஏழு மாச உழைப்புண்ணே என்று. அப்பாவுக்கு அது காதில் விழவில்லை, என்ன, என்ன என்று இரண்டு தரம் கேட்டார், மூன்றாவது தரம் சித்தப்பா கத்தின கத்தலில் அடுத்த பட்டறைக்காரன் எட்டிப் பார்த்தான். அப்பா அப்போதும் கோபப்படவில்லை. அந்தக் கைக்குக் கீழதான்டா புள்ளைங்க நின்னு போட்டோ புடிக்கும் என்றார். அப்புறம் சுத்தியலை எடுத்து அந்த இடத்தைத் தானே தட்டினார். ஏழெட்டுத் தரம் தட்டியிருப்பார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, உனக்கு என்ன கேக்குது என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னிடம் கல்லைப் பற்றிக் கேட்டார். மொத்துன்னு இருக்குங்க என்றேன். அவர், எனக்கு எல்லா இடமும் ஒண்ணாத்தான் கேக்குது என்றார்.

கல்லூரி முதல்வர் அம்மாவிடம் அப்பா மறுநாளே தானே போய்ச் சொல்லிவிட்டார். கல்லுல குறை இருக்கு, தட்டிப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்கணும், எனக்குத் தெரியலை என்று அவ்வளவுதான் சொன்னாராம். அந்த அம்மா, வேறு கல்லில் செய்யுங்கள், அடுத்த கல்வியாண்டுக்குள் வந்தால் போதும் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதம் உன் பழைய அலமாரியில் இருக்கிறது. சித்தப்பா மட்டும் எங்களோடு பேசுவதில்லை, வேலைக்கு வருகிறார், தன் பங்கைச் செய்கிறார், டீ வைத்தால் குடிக்கிறார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறார். இத்தனை வருஷத்தில் அவர் டம்ளர் கழுவி நான் பார்த்ததே இல்லை, அதிலிருந்தே கோபத்தின் ஆழத்தைத் தெரிந்துகொள்.

உன் அப்பாவைத் தூங்கவிடாதது அந்தப் பெண் சிலை இல்லை. இந்த இரண்டு வருஷத்தில் அடுத்தவர்களுக்காக எத்தனை கல்லைத் தட்டி நல்ல கல் என்று சொன்னோம் என்று விரல் விட்டு எண்ணினார். ஐந்து. வீட்டில் இருந்தபடி போன் போட்டுச் சொல்லச் சொன்னேன், கேட்கவில்லை. நேராப் போய்த்தான் சொல்லணும், நீயும் வா என்றார். நான் எதுக்கு என்றேன். நான் தட்டறேன், நீ கேளு என்றார். ஆக மூன்று வாரமாக இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறோம். அவர் தட்டுவார், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். மணி கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை, மந்தமாகக் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். முதல் கல் பொடிமட்டையுடையது, உனக்கு நினைவிருக்கும், மூக்குப்பொடி போட்டுக்கொண்டு உன்னைத் தும்ம வைத்தாரே அவர்தான். யானை பண்ணியிருக்கிறார், கால் நகம் முதல் காது மடல் வரை கணீரென்றது. அவர் என்னைப் பார்த்து, இவ்வளவு நாளா அண்ணிதான் தொழில் பார்த்தாங்களா, நாங்கதான் ஆளு மாத்திக் கும்பிட்டோமா என்று சிரித்தார். அப்பாவுக்குக் கேட்கவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தார், எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டாவதும் நல்ல கல். மூன்றாவது கல்லுக்கு விரலைத் தூக்கினேன். அது பாதி வேலையில் இருந்தது, நல்லவேளை இன்னும் பட்டறையை விட்டுப் போகவில்லை. சுருட்டை என்று கூப்பிடுவோமே அந்த ஆளுடையது. அவர் சத்தமாகத்தான் பேசினார், காது போச்சுன்னா வீட்ல உக்காந்திருக்க வேண்டியதுதானே, ஊர்க் கல்லுக்கெல்லாம் எதுக்கு சர்ட்டிபிகேட்டு என்று. இது மட்டும் அப்பாவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, சரியாத்தான் சொன்னான் என்றார். நாலாவது போன சனிக்கிழமை, தேறிவிட்டது.

எனக்கு முழங்கால் வலிக்கிறது, அதைவிட அலுப்பு வேறு ஒன்று. சமையலறையில் இருந்து கேட்டது எனக்குப் பாட்டு மாதிரி, அதில் எனக்குப் பொறுப்பு இல்லை. இப்போது விரலைத் தூக்கினால் ஒரு மனுஷனின் அரை வருஷ உழைப்பு போகிறது, தூக்காவிட்டால் நாளைக்கு யார் தலையில் விழுமோ. நானும் தப்பாகக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டேன். அதுக்குத்தான் மூணு தரம் தட்டறேன் என்றார். அவ்வளவுதான் பதில். கல்லூரிக்குப் புதுக் கல் எடுக்கப் போகும்போதும் நான்தான் போக வேண்டுமாம்.

காதில் வைக்கிற மெஷின் இருபத்தெட்டாம் தேதி வரும் என்று டாக்டரின் உதவியாளர் சொன்னார். மனுஷர் பேச்சு நன்றாகக் கேட்கும், கல் சத்தத்துக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார், அதனால் நீ இணையத்தில் தேடி வேறு மெஷின் அனுப்பாதே. உன் பேச்சு கேட்டால் போதும் அவருக்கு. இனிமேல் போனில் அவரிடம் பேசும்போது கத்தாதே, கத்தினால் இரைச்சலாகத்தான் போகிறதாம், நிதானமாகப் பேசு. பின் அறையில் ஒழுகின கூரையைச் சரி செய்தாகிவிட்டது. உன் கழுத்து வலிக்குத் தலையணை மாற்றினாயா, இரண்டு கடிதமாகக் கேட்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே.

மிச்சம் இருப்பது ஐந்தாவது கல். அது சிலையாகி ஏறி நின்றுவிட்டது, நூலகத்துக்கு முன்னால் பத்தடித் தூணுக்கு மேல், சிறகு விரித்த அன்னம். அதைச் சுற்றியுள்ள திண்டில்தான் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மதியம் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏணி போட்டுத் தட்ட அனுமதி வேண்டும், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுமுறையில் இருக்கிறார், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வருவார் என்று அங்கே இருக்கிற குமாஸ்தா சொன்னார். கிடைத்தால் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, ஆள் வரத்து தொடங்குவதற்கு முன்னால். அதுவரை தினமும் மதியம் அப்பா பஸ் ஏறிப் போய் அந்தத் திண்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சிறகுக்குக் கீழ யாராவது உக்காந்தா அந்தப் பக்கம் நிழலு நல்லாருக்குன்னு தள்ளி உக்கார வைக்கறேன் என்றார்.

ஆண்டவன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், போன இடத்தில் நல்ல பேர் எடு. நேற்று விளக்கணைக்கும்போது அப்பா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான், செவ்வாய்க்கிழமை வரைக்கும் தலைக்குக் குளிக்காத, சளி புடிச்சா காது அடைச்சுக்கும். காலையிலிருந்து எனக்குத் தொண்டை கரகரவென்று இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வெந்நீராகக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா