காலை ஆறு மணித் துண்டு

மஸ்கட், ஞாயிறு

நைனாவைக் கும்பிட்டு யோகேஸ்வரி எழுதுவது. நான் சுகம். உன் முட்டி வீக்கம் வடிந்ததா? போனில் கேட்டால் "நல்லாத்தான் கீறேன், வை" என்கிறாய். அதனால்தான் இங்கே வேலை பார்க்கும் நம்மூர் வசந்த் லீவில் வரும்போது அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் ஞானம்பாள் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. அவர் இருக்கும் கட்டடத்தில் அவரோடு சேர்த்து ஐந்து தமிழ்ப் பெரியவர்கள். ஆறு மணிக்கு எழுந்ததும் ஆளுக்கொரு துண்டைப் பால்கனியில் போடுவார்கள். துண்டு இல்லாவிட்டால் மற்றவர்கள் வந்து பார்ப்பார்கள். இது தெரியாமல், செவ்வாய்க்கிழமை அம்மாவின் துண்டை எடுத்து ஊறவைத்துவிட்டேன். நான்கு பேரும் மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் கையில் பிரஷர் மெஷின். அம்மாவோ கோலாட்டப் பயிற்சிக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். "சாகறதுக்கு எனக்கு எங்க நேரம்? உக்காருங்க, காபி போடச் சொல்றேன்" என்றார். மதியம் வரை ஒரே சிரிப்பு, சீட்டாட்டம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே தனியாக இருக்கும் உன் நினைப்புதான் வந்தது. "கடலுக்குப் போறத வுட்டதுலேந்து உன் நைனா வூட்டுக்குள்ளயே குந்திக்கினு கீறாரு, வலை தைக்கிற எடத்துக்குக்கூட வர்றதில்ல" என்று பக்கத்து வீட்டுக் குப்பம்மா அத்தை சொல்கிறார்.

வசந்த் திரும்பும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. நீயே போய் நாலு பேரிடம் விலை கேட்டு வாங்கு. காலையில் எழுந்ததும் உன் பச்சைத் துண்டை வாசல் கொடியில் போடு. அத்தை பார்த்து எனக்குச் சொல்வார்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. சாயங்காலம் மறக்காமல் துண்டை உள்ளே எடுத்துவிடு நைனா. ராத்திரியும் கொடியிலேயே கிடந்தால், மறுநாள் காலையில் நீ எழுந்துவிட்டாய் என்று அது பொய் சொல்லும்.

யோகேஸ்வரி